இடத்தைக் கேட்காதீர்கள், காளானைக் கேளுங்கள்

போன வாரம் செவ்வாய்க்கிழமை ராத்திரி இடித்த இடியில் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சித்தியிடமிருந்து போன்.

"ஏட்டி, பாளையங்கோட்டையில இடிச்சுதா?"

"ஆமா சித்தி, பயங்கர இடி."

"இங்கயும் நல்ல இடி. வெள்ளிக்கிழம ராத்திரியே வந்துரு."

வைத்துவிட்டாள். எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐப்பசியில் இடி இடித்து மழை கொட்டினால் மூன்றாம் நாள், நான்காம் நாள் விடியற்காலையில் எங்கே நிற்க வேண்டும் என்பதை எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புற்றுக்காளானுக்குத்தான் இந்த அழைப்பு. ஊரில் வெறுமனே காளான் என்போம், கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் வருகிற வெள்ளை உருண்டைக்குத்தான் 'கடைக்காளான்' என்று அடைமொழி. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். தென்காசி மாவட்டம், மலையடிவாரம், செம்மண், பொத்தை என்று நாங்கள் சொல்கிற சின்னக் குன்றுகள் நாலைந்து, கொஞ்சம் மாந்தோப்பு, கொஞ்சம் எலுமிச்சை. இதற்கு மேல் சொல்வதற்கில்லை. ஊர்ப்பெயரைச் சொன்னால் பாதி இடத்தைச் சொன்ன மாதிரி. நான் எழுதுவதையெல்லாம் சித்தி படிப்பதில்லை, ஆனால் படித்துக்காட்ட ஆள் இருக்கிறது.

சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஆளுக்கு ஒரு டார்ச், ஒரு கம்பு, சித்தி கையில் பனையோலைப் பெட்டி. கம்பு பாம்புக்காக. புற்று இருக்கிற இடத்தில் அதுவும் இருக்கும், மழைக்காலத்தில் கண்டிப்பாக இருக்கும். பெட்டி பனையோலையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கேரிபேக்கில் போட்டால் அரைமணி நேரத்தில் உள்ளே வேர்த்து, காளான் நசநசவென்று ஆகி, வீட்டுக்கு வரும்போது ஒரு மாதிரி வாடை வந்துவிடும். ஓலைப்பெட்டியில் காற்று போகும், ஒட்டியிருக்கும் மண்ணும் இண்டு இடுக்கு வழியாக உதிர்ந்துவிடும்.

முதல் இடத்தில் ஒன்றுமில்லை. யாரோ முந்தின நாளே வந்துபோயிருக்கிறார்கள் என்று சித்தி சொன்னாள். எனக்கு வெறும் தரையாகத்தான் தெரிந்தது, அவளுக்கு மட்டும் மண் கிளறி மூடியது தெரிந்திருக்கிறது. "மூடிட்டுப் போயிருக்காங்க, நல்ல ஆளுதான்" என்றாள். யார் என்று ஊகித்திருப்பாள், என்னிடம் சொல்லவில்லை.

இரண்டாவது இடம் ஒரு உடைமரத்துக்குப் பக்கம். புற்றுக்காளான் என்றதும் எல்லோரும் கோயிலில் மஞ்சள் பூசிப் பால் ஊற்றும் உயரமான புற்றின் மேல் முளைக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படியும் முளைக்கும். ஆனால் நாங்கள் பறித்ததில் பெரும்பங்கு சமதரையில்தான், கரையான் கூடு அடியில் இருக்கிறது என்பதற்கு மேலே எந்த அடையாளமும் இல்லாத இடங்களில். அதனால்தான் இடம் என்பது இவ்வளவு பெரிய சொத்து. கண்ணுக்குத் தெரிகிற புற்றாக இருந்தால் ரகசியத்துக்கு என்ன வேலை?

டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடிக்க வேண்டும். மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் அடித்தால் மண் லேசாக வீங்கியிருக்கிற இடங்களில் நிழல் விழும். அப்படி ஒரு வீக்கம், நடுவில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு, வெடிப்புக்குள் பம்பரத்தின் ஆணி மாதிரி கூராக, சாம்பலும் பழுப்புமாக ஒரு முனை. அந்த முனையை வைத்துத்தான் மண்ணைத் துளைத்து மேலே வருகிறது. விரலால் சுற்றி மண்ணைத் தள்ளி, அடியில் இரண்டு விரலைக் கொடுத்து, லேசாகத் திருகி இழுத்தால் 'ளொக்' என்று ஒரு மெல்லிய சத்தத்தோடு வரும். தண்டு வெள்ளை வெளேரென்று, கீழே போகப்போக மெலிந்து வேர் மாதிரி நீண்டு அறுந்துபோகும். மழை நனைத்த மண்ணும் ஈர அரிசிமாவும் கலந்த மாதிரி ஒரு வாசனை. எனக்கு இந்த வாசனைக்கு முன்னால் வேறு எதுவும் நிற்காது, சமைத்த குழம்பு உட்பட.

ஒன்றைப் பார்த்துவிட்டால் அப்புறம் கண் பழகிவிடும். அங்கே ஒன்று, இங்கே மூன்று, காலடியில் ஒன்று. நான் உற்சாகத்தில் "அந்தா, அந்தா" என்று கையை நீட்ட, சித்தி என் கையைத் தட்டிவிட்டாள். பூசணிப்பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் வெம்பிப்போகும் என்பார்களே, எங்கள் வீட்டில் காளானுக்கும் அதே சட்டம். ஆச்சி காலத்திலிருந்து முழங்கையால் காட்டுவதுதான் வழக்கம். நாற்பத்திரண்டு வயதில் ஒரு காட்டுக்குள் நின்று முழங்கையால் காளானைக் காட்டிக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் பறிக்கக் கூடாது, அது இரண்டாவது சட்டம். நன்றாகக் குடை விரித்ததில் நாலைந்தையாவது அப்படியே விட வேண்டும். பறித்த குழியை மண்ணால் மூடிக் கையால் தட்டிவிட வேண்டும். கம்பால் தோண்டவே கூடாது. "கீழ இருக்குற அம்மைய எழுப்பாத" என்பாள் ஆச்சி. சின்னப்பிள்ளையில் கீழே ஏதோ சாமி படுத்திருக்கிறது என்று நினைத்துப் பயந்திருக்கிறேன்.

பிறகு படித்துப் பார்த்தபோதுதான் ஆச்சி சொன்னதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. கரையான் மரத்தையும் சருகையும் தின்கிறது, ஆனால் எல்லாக் கரையானாலும் அதை முழுசாகச் செரிக்க முடியாது. நம் ஊர்ப் புற்றுக் கரையான்கள் அரைகுறையாகச் செரித்த சக்கையைக் கூட்டுக்குள் பாத்தி மாதிரி அடுக்கி, அதில் ஒரு பூஞ்சையை வளர்க்கின்றன. அந்தப் பாத்தி, கடற்பஞ்சும் மூளையும் சேர்ந்த மாதிரி மடிப்பு மடிப்பாகப் பழுப்பாக இருக்கும், மேலே கடுகளவு வெள்ளை மொட்டுகள். கரையானுக்குச் சாப்பாடு அதுதான். ஆப்பிரிக்காவில் சுமார் மூன்று கோடி வருடத்துக்கு முன்னால் தொடங்கிய விவசாயம் என்கிறார்கள், மனிதன் ஏர் பிடித்துப் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் வருடம்தான் ஆகிறது. இந்தப் பூஞ்சைப் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசஸ் என்று பெயர் வைத்தவர் ரோஜே எய்ம் என்ற பிரெஞ்சுக்காரர், 1942-ல். நம் ஊரில் கிடைக்கிற ஒரு இனத்துக்கு அவர் பெயராலேயே டெர்மிட்டோமைசஸ் எய்மி என்று 1979-ல் பெயரிட்டு விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன். தென்னிந்தியக் காளான்களைப் பற்றி எதைத் தேடினாலும் கடைசியில் அவர் பெயரில்தான் போய் நிற்கும்.

மழை பெய்து மண் நனைந்ததும் அந்தப் பாத்தியிலிருந்து கிளம்பி, நீளமான வேர் மாதிரித் தண்டை மேலே அனுப்பி, தரைக்கு வெளியே குடை விரிப்பதுதான் நாம் பறிக்கிற காளான். விரித்த குடையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வித்துத்தூள் கொட்டும். சில வாரங்களுக்கு முன்னால் ஈசல் பறந்திருக்கும் இல்லையா, அந்த ஈசல்கள் போய்ப் புதுக்கூடு கட்டியிருக்கும். ஆனால் பெரும்பாலான இனங்களில் அவை பூஞ்சையைக் கையோடு கொண்டுபோவதில்லை. புதுக்கூட்டில் பிறந்த முதல் வேலைக்காரக் கரையான்கள் இரை தேடி வெளியே வரும்போது, எங்கேயோ முளைத்த காளானின் வித்தை எடுத்துக்கொண்டுபோய்த்தான் தங்கள் தோட்டத்தைத் தொடங்குகின்றன. நாலைந்து விரிந்த குடையை விட்டுவிட்டு வா என்று ஆச்சி சொன்னது இதற்காகத்தானா என்றால், அவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "அதுக்கும் கொஞ்சம் இருக்கட்டும்" என்பாள். எதுக்கு என்று சொன்னதில்லை.

இடியைப் பற்றி ஒரு வார்த்தை. இடி இடித்தால்தான் காளான் முளைக்கும் என்பதை ஊரில் யாரிடமும் மறுத்துப் பேச முடியாது. மழையும் ஈரமும்தான் காரணம், இடி சும்மா கூடவே வருகிறது என்று நானும் ரொம்ப நாள் பெரிய மேதாவி மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் பார்த்தால் ஜப்பானில் இவாட்டே பல்கலைக்கழகத்தில், ஷிடாக்கே காளான் வளர்க்கும் மரக்கட்டைகளுக்கு மின்னல் மாதிரி உயர் மின்னழுத்தத்தை ஒரு நொடிக்கும் குறைவாகக் கொடுத்துப் பார்த்து விளைச்சல் கூடுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அது வேறு காளான், வேறு சூழல். இருந்தாலும் சித்தியிடம் சொன்னபோது அவள் பார்த்த பார்வை இருக்கிறதே.

சரி, பெட்டிக்கு வருகிறேன். மூன்று இடத்திலும் சேர்த்து வீட்டுக்கு வந்து எடை போட்டபோது ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. திண்ணையில் செய்தித்தாளை விரித்துக் கொட்டினோம். இனிமேல்தான் முக்கியமான வேலை, பங்கு.

ஆச்சி இருந்தவரை பங்கு போடுவது அவள் மட்டும்தான். கூறு கூறாக வைப்பாள். ஒரு கூறில் மொக்கு மட்டும் இருக்கக் கூடாது, விரிந்தது மட்டும் இருக்கக் கூடாது, எல்லாம் கலந்து இருக்க வேண்டும். மொக்குதான் ருசி என்பது ஊருக்கே தெரியும், அதனால் நமக்கு மட்டும் மொக்கைப் பொறுக்கி எடுத்துக்கொண்டால் அதைவிடக் கேவலம் வேறில்லை. எதிர்வீடு, தையல்கார வீடு, கோயில் பண்டாரத்தின் வீடு, வயல் வேலைக்கு வருகிற இரண்டு குடும்பம், அப்புறம் வாய்க்கால் தகராறில் பன்னிரண்டு வருடம் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த ஒரு வீடு. அந்த வீட்டுக்கும் காளான் போகும். பெரியவர்கள் போக முடியாது இல்லையா, அதனால் சின்னப்பிள்ளை கையில். அந்தச் சின்னப்பிள்ளை நான்தான். தேக்கிலையில் பொதிந்து கொடுத்துவிடுவாள். நான் வாசலில் வைத்துவிட்டு "ஆச்சி தந்தா" என்று சொல்லிவிட்டு ஓடிவருவேன். அவர்களும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மறுவாரம் அவர்கள் வீட்டு மாங்காயோ முருங்கைக்காயோ எங்கள் திண்ணையில் இருக்கும், யார் வைத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இவ்வளவு தாராளமான ஆச்சியிடம் "எங்க கெடச்சுது?" என்று கேட்டால் மட்டும் ஒரே பதில்தான். "இந்தா, இங்கனதான்." இடது பக்கம் கையை ஒரு வீசு வீசுவாள், அந்தக் கைவீச்சில் குற்றாலத்திலிருந்து அம்பாசமுத்திரம் வரை எல்லாம் அடங்கும். அந்த ஊரில் எல்லோருக்கும் அதே பதில்தான். கேட்பவருக்கும் பதில் தெரியும், சொல்பவருக்கும் அது பதில் இல்லை என்று தெரியும், இருந்தாலும் கேட்காமல் இருந்தால் மரியாதை இல்லை.

காளானைக் கொடுப்பார்கள், இடத்தைக் கொடுக்க மாட்டார்கள். சின்ன வயதில் இது எனக்குப் பெரிய முரணாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை. யோசித்துப் பாருங்கள், காலையில் பறித்த மொக்கு மத்தியானத்துக்குள் பெட்டிக்குள்ளேயே விரிந்துவிடும், சாயங்காலம் குடைக்கு அடியில் இருக்கிற மடல்கள் கறுக்கத் தொடங்கும், ராத்திரிக்குள் உள்ளே புழு நெளியும். ஒன்றரைக் கிலோவை வைத்துக்கொண்டு ஒரு வீடு என்ன செய்யும்? நெல்லைப் பத்தாயத்தில் போடலாம், புளியைப் பானையில் அடைக்கலாம், கருவாட்டைக் கூரையில் சொருகலாம். இதை எங்கே வைப்பது? ஆச்சி ஒரு தடவை வெயிலில் காயப்போட்டுப் பார்த்தாள், காய்ந்தது, ஆனால் குழம்பு வைத்தபோது வேறு என்னவோ மாதிரி இருந்தது என்று அதோடு விட்டுவிட்டாள். அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டிய பொருள் கொடுத்துத்தான் தீரும். இடம் அப்படியல்லவே. அது அழுகாது, அடுத்த வருடமும் அங்கேயேதான் இருக்கும்.

அதனால்தான் ஊருக்குள் ஃப்ரிட்ஜ் வந்தபோது காளான் பங்கு குறையத் தொடங்கியது என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கழுவி, லேசாக வதக்கி, டப்பாவில் அடைத்து உறையவைக்கலாம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். நாலு கூறு மூன்றானது, மூன்று இரண்டானது. பிறகு பைக்கில் வாங்க வருகிற ஆட்கள். மழை பெய்த மறுநாளிலிருந்து ஆறு மணிக்கே டீக்கடையில் வந்து நிற்பார்கள், வாங்கிக்கொண்டுபோய் சீசனுக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு ரோட்டோரம் கூறு போட்டு விற்பார்கள். விற்பதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, காட்டில் திரிந்து பறிப்பவனுக்கு நாலு காசு கிடைத்தால் நல்லதுதான். கோபம் எதில் என்றால், மண்ணுக்குள் இருக்கிற பிஞ்சு மொக்கையும் விடாமல் கடப்பாரை போட்டுத் தோண்டி எடுக்கிறார்கள். பாத்தியோடு பெயர்ந்து வந்துவிடுகிறது. எங்கள் மூன்றாவது இடத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு குழி, இரண்டு வருடமாக அங்கே ஒன்றும் முளைக்கவில்லை. வளர்க்கிற காளான் என்றால் இந்தத் தொல்லை இல்லை. 1990-களின் கடைசியில் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பால்காளான் ரகத்தை யார் வேண்டுமானாலும் வைக்கோலில் வளர்க்கலாம், வெயிலையும் தாங்கும். புற்றுக்காளானை இதுவரை யாராலும் அப்படிப் பண்ணையில் வளர்த்து விற்க முடியவில்லை. கரையான் இல்லாமல் அது குடை விரிப்பதில்லை, கரையானைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளவும் முடியாது.

இந்த வருடத்துச் சண்டைக்கு வருகிறேன். தம்பி மகன் காலேஜில் படிக்கிறான், அவனும் சனிக்கிழமை எங்களோடு வந்திருந்தான். நல்ல பையன், பாம்பு பார்த்ததும் கத்தாமல் நின்றான். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் டிங் டிங் என்று சத்தம். காளான் படம் பதினொன்று. அதோடு நின்றிருக்கலாம். கடைசியில் மேப்பில் குண்டூசி குத்தி, "நம்ம ஸ்பாட்" என்று லொக்கேஷன்!

குழுவில் முப்பத்தெட்டுப் பேர். அதில் பாதிப் பேருக்குச் சம்பந்தி, சம்பந்திக்கு மச்சான் என்று கிளை போகும். சித்தியிடம் சொன்னதும் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அவன்ட்ட குடுத்தத அவன் ஊருக்குக் குடுத்துட்டான்" என்று மட்டும் சொன்னாள். அவனுக்கோ உண்மையிலேயே புரியவில்லை. "நீங்கதான ஏழு வீட்டுக்குக் குடுக்கீங்க, நான் முப்பத்தெட்டுப் பேருக்குக் குடுத்தா தப்பா?" என்று கேட்டான். கேள்வி சரியான கேள்விதான், அதனால்தான் எல்லோருக்கும் கோபம் இன்னும் ஏறியது. பிறகு அழித்துவிட்டான். அதற்குள் துபாயில் இருக்கிற மாமா மட்டும் "சூப்பர்" என்று கட்டைவிரல் போட்டிருந்தார். அவர் வந்து பறிக்கப்போவதில்லை, பரவாயில்லை.

படம் என்றதும் இன்னொன்று. நான் காளான் பறிப்பேன் என்று தெரிந்ததிலிருந்து மழைக்காலத்தில் எனக்கு வாரத்துக்கு நாலு படமாவது வருகிறது. "அக்கா, இது எங்க மாடித் தோட்டத்துல மொளச்சிருக்கு, திங்கலாமா?" என் பதில் ஒன்றே ஒன்றுதான், தின்னாதே. படத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது, வேறு யாராவது சொன்னாலும் நம்பாதே. இப்போது ஆப்பும் வந்துவிட்டது, படம் எடுத்தால் தொண்ணூறு சதவீதம் இன்ன காளான் என்று சொல்கிறது. மிச்சம் பத்து சதவீதத்துக்கு அது ஆஸ்பத்திரிக்கு வராது.

இதை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு குடியிருப்பில் இருந்தேன். மழைக்கு மறுநாள் புல்தரையில் வட்டமாக, தட்டு அளவுக்கு வெள்ளைக் காளான்கள். மேலே பழுப்புச் செதில், தண்டில் மோதிரம் மாதிரி ஒரு வளையம், உடைத்தால் நல்ல வாசனை. எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆச்சியின் பேத்தி அல்லவா, எனக்குத் தெரியாத காளானா என்று ஒரு திமிர். பறித்துக் கழுவி வைத்தும்விட்டேன். ஏதோ உறுத்தல், இது புற்றும் இல்லை, கீழே வேரும் போகவில்லை. ஒரு குடையை மட்டும் தண்டை வெட்டிவிட்டு, மடல் கீழே இருக்கிற மாதிரி ஒரு வெள்ளைத்தாளில் கவிழ்த்து மேலே டம்ளர் போட்டு மூடி வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் தாளில் சக்கரத்தின் ஆரம் மாதிரி அச்சு, நிறம் பாசிப்பச்சை. நம் புற்றுக்காளானின் வித்துத்தூள் வெளிறிய இளஞ்சிவப்பாக விழும். பச்சையாக விழுகிற இந்தக் காளானுக்கு குளோரோஃபில்லம் மாலிப்டைட்டீஸ் என்று பெயர். புல்தரையில் சர்வசாதாரணமாக முளைக்கும், இளசில் மடலும் வெள்ளையாகத்தான் இருக்கும், அதனால் ஏமாறுவது சுலபம். நான் தாளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, அதே புல்தரையில் பறித்து முந்தின ராத்திரி தொக்கு செய்து சாப்பிட்ட மேல்வீட்டுக்காரர்கள் வாந்தி நிற்காமல் ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. என் அடுப்பு பற்றியிருந்தால் நானும் பக்கத்துக் கட்டிலில்.

அதுகூடப் பரவாயில்லை ரகம். அமானிட்டா வகையில் சில இருக்கின்றன, சாப்பிட்டு ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்தி, பேதி, பிறகு ஒருநாள் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும், அதற்குள் ஈரல் போயிருக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்த விஷம் போகாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள். காளானே தெரியாத ஆட்கள் அல்ல அவர்கள், வருடா வருடம் பறிக்கிற ஆட்கள்.

நம் ஊரில் சொல்கிற சோதனைகள் எதுவும் உதவாது. வெள்ளிக்காசு கறுக்கும், பூண்டு நிறம் மாறும், பூச்சி அரித்திருந்தால் நல்ல காளான், வெள்ளையாக இருந்தால் நல்லது, எல்லாமே பொய். அமானிட்டாவின் அடியில் முட்டையோடு மாதிரி ஒரு கிண்ணம் மண்ணுக்குள் இருக்கும், தண்டை ஒடித்துப் பறிப்பவர்கள் அதைப் பார்க்கவே மாட்டார்கள். அதற்காக கிண்ணம் இல்லாதது எல்லாம் நல்லது என்றும் ஆகிவிடாது. நான் சாப்பிடுவது, ஆச்சி காட்டிய இடத்தில், ஆச்சி காட்டிய மாதிரியே முளைத்தது மட்டும்தான். தப்பித் தவறி யாராவது சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போனால், மிச்சம் இருக்கிற காளானையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், வாந்தி நின்றுவிட்டது என்று பாதி வழியில் திரும்பாதீர்கள்.

பயமுறுத்தியது போதும், குழம்புக்கு வருவோம். தண்டில் ஒட்டிய மண்ணைக் கத்தியின் முதுகால் சுரண்ட வேண்டும், மஞ்சள்தூள் போட்ட தண்ணீரில் இரண்டு அலசு. ஊறவைத்தால் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துவிடும். கத்தியால் நறுக்கக் கூடாது என்பது சித்தியின் கட்டளை, கோழிக்கறியைப் பிய்க்கிற மாதிரி நார் நாராகக் கையால்தான் கிழிக்க வேண்டும். நல்லெண்ணெயில் உள்ளி, அதாவது சின்ன வெங்காயம் நிறைய, பொன்னிறம் வரும்வரை. நல்லமிளகு, சீரகம், கொத்தமல்லி, இரண்டே இரண்டு வத்தல், தேங்காய், இவற்றை வறுத்து அம்மியில் அரைத்தது. மிக்ஸியில் அரைத்தாலும் ஆகும், ஆனால் அன்றைக்கு மட்டும் அம்மியைக் கழுவிவிடுவோம். புளி ஒரு நெல்லிக்காய் அளவுக்குக்கூட வேண்டாம், தக்காளி போட்டால் சித்தி அடுப்பங்கரையை விட்டே போய்விடுவாள். காளானைப் போட்டதும் அதுவே தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரிலேயே பாதி வேக வேண்டும். ஒரு கொதி வரும்போது தெருவில் போகிறவர் நின்று "என்ன, காளானா?" என்று கேட்கிற அளவுக்கு வாசனை.

குமணனைப் பாட வந்த பெருந்தலைச் சாத்தனார் தன் வீட்டு அடுப்பில் ஆம்பி பூத்துக் கிடக்கிறது என்று சொல்வார், புறநானூற்றில். ஆம்பி என்றால் காளான். சமைத்து எத்தனையோ நாளானதால் அடுப்பே காளான் முளைக்கிற இடமாகிவிட்டது. காலேஜில் படித்தபோது எனக்கு அதன் கனம் புரியவில்லை. எங்கள் வீட்டில் அடுப்பும் காளானும் ஒன்றாக வந்தால் அது விருந்து, அவ்வளவுதான் தெரியும். இப்போது அந்த அம்மியடியில் உட்கார்ந்து அரைக்கும்போதெல்லாம் அந்த வரி தானாக வந்துவிடுகிறது.

ஏழு வீட்டுக்கும் பச்சையாகவே கொடுத்தனுப்பினோம். தம்பி மகனைத்தான் அனுப்பினாள் சித்தி, தண்டனையா மன்னிப்பா தெரியவில்லை. எங்களுக்கு மிஞ்சியது ஒரு சின்னச் சட்டி. ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு கரண்டி, முதல் நாள் சோறு என்றால்கூட இறங்கியிருக்கும்.

மறுநாள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டு மதினி கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார், கூடவே அவர் மகள், ஆறு வயது. கிண்ணம் காலியாக இல்லை. உள்ளே வாழையிலைத் துண்டின் மேல் அரிசிக்காளான், சுண்டுவிரல் நகம் அளவுக்குக் குட்டிக் குடைகள், ஒரு கை நிறைய. இதுவும் கரையான் பாத்திக் காளான்தான், கரையான் பாத்தியைத் துண்டு துண்டாக வெளியே தள்ளும்போது அதன் மேல் முளைக்கும். தரையில் அரிசி சிந்தின மாதிரி கிடக்கும். அதைப் பொறுக்கிச் சேர்ப்பது லேசான வேலை இல்லை. எனக்கு இதை எங்கே பார்த்தோம் என்றே நினைவில்லை, அவ்வளவு வருடமாகிவிட்டது.

"எங்க மதினி கெடச்சுது?" என்று கேட்டேன்.

"இந்தா, இங்கனதான்" என்று மதினி சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பிள்ளை, "எங்க ஆச்சி வீட்டு முருங்கைமரத்துக்கு அடியில!" என்றது.

மதினி அதன் தோளை ஒரு பிடி பிடித்தார். சித்தி சட்டென்று திரும்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சே என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டாள். நானும் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டேன்.